மதுரையில வீடு பாக்குறீங்களா? ஏரியா எப்படின்னு நீங்களே விசாரிக்கிற வழி

மதுரைக்கு மாத்தலாகி வர்றவங்க முதல்ல கேக்குறது "எந்த ஏரியா சேஃப்?" இதுக்கு பதில் எல்லார்கிட்டயும் ரெடியா இருக்கும், அண்ணா நகர் கே.கே. நகர்னா கண்ண மூடிக்கிட்டு போங்க, ஜெய்ஹிந்த்புரமா யோசிங்க, கீரைத்துறையா வேணவே வேணாம், அம்புட்டுதான். இத நம்பி வாடகை அதிகமா கொடுத்து போறவங்க நிறைய. என்னைக் கேட்டா ஏரியா பேர வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. ரெண்டு கோஷ்டிக்கு நடுவுல பழிக்குப் பழி ஓடுனா அது பேப்பர்ல பெருசா வரும், ஏரியாவுக்கே கெட்ட பேரு, ஆனா அந்தப் பகை பெரும்பாலும் அவனுக்கும் இவனுக்கும் உள்ளது. (டீக்கடை வாசல்ல வெச்சு வெட்டுறப்ப பக்கத்துல நிக்கிறவன் பாடு வேற, அதையும் இல்லன்னு சொல்லல.) குடித்தனம் வர்ற உங்களுக்கு விஷயம் என்னன்னா பூட்டுன வீட்ட உடைக்கிறது, செயின் பறிப்பு, வாசல்ல நிக்கிற பைக் காணாம போறது, அப்புறம் ராத்திரி பஸ் இறங்கி வீடு வரைக்கும் நடந்து வர முடியுமாங்கிறது. இது தெருவுக்குத் தெரு மாறும்.

சரி, புள்ளிவிவரம் பாத்துட்டு போவோம்னு சிலர் இறங்குவாங்க. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் ரிப்போர்ட் போடுது, அதுல பெருநகரம்னு தனியா பிரிச்சு காட்டுறது 20 லட்சம் ஜனத்தொகைக்கு மேல உள்ள ஊர்களத்தான், தமிழ்நாட்டுல சென்னையும் கோயம்புத்தூரும் மட்டும். மதுரைய மாவட்ட வாரி அட்டவணையில தேடணும், அங்க மதுரை மாநகரம் தனி, மதுரை மாவட்டம் தனி. குற்ற விகிதம்னா 1 லட்சம் பேருக்கு எத்தனை கேஸ்னு கணக்கு. ஒரே எஃப்ஐஆர்ல பல குற்றம் இருந்தா அதுல பெருசு எதுவோ அத மட்டும்தான் எண்ணுவாங்க. கேஸ் போடாம திருப்பி அனுப்புன புகார் கணக்குலயே வராது, அதனால விகிதம் கூடுன ஊர் மோசம் கொறஞ்ச ஊர் நல்லதுன்னு சொல்லிற முடியாது, ஒழுங்கா கேஸ் போடுற ஊர்லயும் நம்பர் ஏறும். எப்படி இருந்தாலும் உங்க தெருவப் பத்தி அதுல ஒரு வரி இருக்காது.

அதவிட உருப்படியானது எஃப்ஐஆர். 2016ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டதுக்கு அப்புறம் எஃப்ஐஆர ஆன்லைன்ல ஏத்தணும், பாலியல் குற்றம் மாதிரி சென்சிடிவ் கேஸ் மட்டும் ஏத்த மாட்டாங்க. தமிழ்நாடு போலீஸோட சேவைத் தளத்துல போய் நீங்க பாக்குற வீடு எந்த ஸ்டேஷனோ அதுல என்ன மாதிரி கேஸ் வருதுன்னு பாருங்க. 2024 ஜூலை 1ல இருந்து நடந்த குற்றத்துக்கு ஐபிசிங்கிற பழைய தண்டனைச் சட்டம் கெடையாது, அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் தான், அதுல 303 திருட்டு, 304 பறிப்பு, 305 வீட்டுக்குள்ள புகுந்து திருடுறது, இந்த மூணு நம்பர் தெரிஞ்சா போதும். ஸ்டேஷன் எதுன்னு புரோக்கர் சொல்றத நம்பாதீங்க. மதுரையில மாநகர போலீஸ் வேற, எஸ்.பி. கீழ உள்ள மாவட்ட போலீஸ் வேற, ஒத்தக்கடை நாகமலை புதுக்கோட்டை எல்லாம் மாவட்டப் பக்கம். எல்லையில வீடுன்னா அவசரத்துக்கு போய் நிக்கிறப்ப "இது எங்க லிமிட் இல்ல"ம்பாங்க. எந்த ஸ்டேஷன்லயும் புகார் வாங்கணும்னு இப்ப பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்ற நடைமுறைச் சட்டத்தோட 173வது பிரிவுலயே இருக்கு, வாங்கி அப்புறம் மாத்தி விடலாம், இத அங்க நின்னு சொல்லத் தெரிஞ்சிருக்கணும்.

இனிமே நேர்ல போற வேலை, இதுதான் முக்கியம். புரோக்கர் கூட பகல்ல ஒரு தடவ பாத்தது கணக்கு இல்ல. ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவ போங்க, ஏன் பத்துன்னா டாஸ்மாக் மூடுற நேரம், பக்கத்துல கடை இருந்தா கூட்டம் எந்த வழியா கலையுதுன்னு தெரியும். மத்தியானம் ரெண்டு மணிக்கும் போங்க, ஆம்பளைங்க வேலைக்குப் போய் தெரு வெறிச்சோடிக் கிடக்குற நேரம் அது. போய் "இங்கிட்டு சேஃபாக்கா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, "அதெல்லாம் ஒரு பயமும் இல்ல"ன்னு முடிச்சிருவாங்க. இஸ்திரி போடுற அண்ணன்கிட்ட "வண்டிய வெளிய நிப்பாட்டலாமாண்ணே?"ன்னு கேளுங்க, பெட்டிக்கடை அக்காகிட்ட "ராத்திரி எத்தன மணிக்கு கடை அடைப்பீங்க?"ன்னு கேளுங்க, அப்ப கதை தானா வரும். தெருவுல எல்லா பைக்கும் கிரில் கேட்டுக்குள்ள ஏத்தி சங்கிலி போட்டிருந்தா யாரையும் கேக்கவே வேணாம். போலீஸ் ரவுண்ட்ஸ் வந்தா கையெழுத்து போடுற பட்டா புக் பக்கத்துல எங்க இருக்குன்னும் விசாரிங்க.

ஒரு விஷயம் பலருக்குப் பிடிக்காது, சொல்லிர்றேன். செல்லூர் மாதிரி நெருக்கமான சந்துல சத்தம், குழாயடி சண்டை எல்லாம் இருக்கும், ஆனா வாசப்படியில எப்பவும் நாலு பேரு உக்காந்திருப்பாங்க, புது ஆள் நுழைஞ்சா "யாரு வேணும்?"னு குரல் வரும். ஊருக்கு வெளிய கண்மாய்க்குப் பக்கத்துல புதுசா பிளாட் போட்ட நகர்ல காத்து நல்லா வரும், ஆனா நாலு பிளாட்டுக்கு ஒரு வீடு, நடுவுல கருவேலங்காடு, லைட் இல்ல, வீட்டு பின்பக்கம் யாரு கண்ணுக்கும் தெரியாது. வீட்ட உடைக்க வர்றவன் அவசரமில்லாம வேலை பாக்குறதுக்கு ரெண்டாவதுதான் தோது. அப்படி ஒரு இடம்தான் பட்ஜெட்டுக்கு அமையுதுன்னா பின்கதவுக்கு கிரில் போட்டு கேமராவ ரோட்டப் பாத்து திருப்பி வைங்க, அட்வான்ஸ் பேசுறப்பவே ஓனர்கிட்ட இத முடிச்சிருங்க, குடிவந்த அப்புறம் கேட்டா நடக்காது.

குடிவந்த பிறகு வெளியூர் போறப்ப ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு போகலாம், ரவுண்ட்ஸ்ல ஒரு கண்ணு வெச்சுக்குவாங்க, நகைய லாக்கர்ல வெச்சிருங்க. சித்திரைத் திருவிழாவுல தெருவே ஆத்துக்கு கிளம்பிரும், வீடும் பூட்டிக் கிடக்கும், கூட்டத்துல செயின் அறுக்குறவனுக்கும் அன்னைக்குத்தான் வேலை, சேலையோட சேத்து பின் குத்திக்கிட்டு போங்க, ஒருத்தர் வீட்டுல இருங்க. ஏதாவது திருடு போச்சுன்னா 112க்கோ 100க்கோ அடிச்சுட்டு ஸ்டேஷன் போங்க, உடைச்ச பூட்ட தொடாதீங்க, ரேகை எடுக்க வருவாங்க. ஏட்டையா சிஎஸ்ஆர்னு புகார் வாங்குனதுக்கான ரசீது மட்டும் கொடுத்து "போய்ட்டு வாங்க"ம்பாரு, சிஎஸ்ஆர் வேற எஃப்ஐஆர் வேற, திருட்டுக்கு எஃப்ஐஆர் காப்பி இலவசமா கேட்டு வாங்குங்க, பைக் இன்சூரன்ஸ் கிளைம் பண்ணவும் அதான் வேணும்.