ஜெனரேட்டரைக் காலையில் ஓட்டுங்கள்

சோலார் பேட்டரி இறங்கிவிட்டால், பலரும் மாலையில் ஜெனரேட்டரைப் போட்டு நூறு சதவீதம் ஏறும்வரை விட்டுவிடுகிறார்கள். எரிபொருள்தான் வீண். லெட் ஆசிட் பேட்டரி சுமார் 80 சதவீதம் வரைதான் மளமளவென்று கரண்ட்டை இழுக்கும். அப்புறம் ஆம்பியர் குறைந்துகொண்டே போகும். மிச்சம் ஏறவே சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை ஜெனரேட்டர் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். டீசல் என்றால் குறைந்த லோடில் ஓடி ஓடி உள்ளே கரி வேறு படியும்.

அதனால் விடியற்காலையில் ஓட்டுங்கள். தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின் வேலையையும் கையோடு முடித்துக்கொள்ளலாம். சார்ஜர் மீட்டரில் ஆம்பியர் நன்றாக இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். நாள்கணக்கில் மேகமூட்டம் நீடித்தால் மட்டும் ஒருமுறை முழுதாக ஏற்றுங்கள், இல்லையென்றால் தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். லித்தியம் பேட்டரிக்கு அந்தத் தொல்லை கிடையாது, பாதியில் நிறுத்தினாலும் கெடாது.