கணக்கு படிப்பவர்களுக்குக் கோடைப் பயிற்சி: விண்ணப்பத்தைத் தயார் செய்வது எப்படி?

முதல் முறை விண்ணப்பித்தபோது எனக்குக் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் என் மதிப்பெண் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை, விண்ணப்பம்தான் மாறியது. இப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். தீபாவளி முடிந்ததும் யாராவது ஒரு மாணவி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, "மேம், இதுக்கு எப்படி அப்ளை பண்றது?" என்று கேட்பாள். அவர்களிடம் சொல்வதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். லாகின் செய்வது, போட்டோ ஏற்றுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

படி 1: எதற்கு விண்ணப்பிக்கப் போகிறோம்?

கணிதத்தின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்று தோன்றினால் எம்டிடிஎஸ் (மேத்தமேடிக்ஸ் டிரெயினிங் அண்ட் டேலன்ட் சர்ச்). 1993-இல் தொடங்கிய கோடைப் பயிற்சி, நான்கு வாரம். பி.எஸ்சி. இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு, எம்.எஸ்சி. முதலாண்டு மாணவர்களுக்கென்று மூன்று நிலைகள் உண்டு. பலகையில் எழுதுவதை நோட்டில் இறக்கிக்கொள்ளும் வகுப்பு இல்லை அது. கேள்வி மேல் கேள்வி கேட்டு, நிரூபணத்தை நம் வாயாலேயே வரவைப்பார்கள். ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. இரண்டு மாதம் ஒரு ஆராய்ச்சியாளரோடு வேலை செய்யலாம். இதற்கு ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது நம் கல்லூரிகளில் பலருக்குத் தெரிவதே இல்லை.

கோடைப் பயிற்சி இல்லையென்றாலும், டேட்டா பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது, அதற்கு ஜேஇஇ தேவையில்லை. எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் என்றால் சிறுசேரியில் இருக்கும் சிஎம்ஐ-யின் (சென்னை கணிதவியல் நிறுவனம்) நுழைவுத் தேர்வு. பள்ளி ஆசிரியராக இருந்தால், சென்னையிலேயே 1965-இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தில் சேருங்கள். உங்கள் பிள்ளைகளை அவர்கள் நடத்தும் கணிதத் திறன் போட்டிக்கும் அனுப்பலாம்.

ஒரே வருடத்தில் எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். இரண்டு போதும்.

படி 2: அந்த ஒரு பக்கம்

"நீங்கள் ஏன் இதில் சேர விரும்புகிறீர்கள்?" என்ற பெட்டியில்தான் நான் முதல் முறை கோட்டை விட்டேன். "சிறு வயது முதலே எனக்குக் கணிதத்தில் ஆர்வம் அதிகம்" என்று தொடங்கி, ராமானுஜன் பெயரையும் சேர்த்து, நாட்டுக்குச் சேவை செய்ய வேண்டும் என்று முடித்திருந்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு என்னைப் பற்றி அதிலிருந்து என்ன தெரியும்? அங்கே வந்து குவியும் விண்ணப்பங்களில் பாதி அப்படித்தானே தொடங்கும்.

இரண்டாவது முறை ஒரே ஒரு விஷயத்தை எழுதினேன். 0 முதல் 1 வரை எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் க்யூப் என்று அடுக்கைக் கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு வரைகோடும் பேனாவை எடுக்காமல் வரையக்கூடியதுதான். ஆனால் கடைசியில் கிடைக்கும் எல்லை மட்டும் 1 வருகிற வரை சுழியமாகவே கிடந்து, 1-க்கு வந்ததும் திடீரென்று 1 ஆகிவிடுகிறது. தொடர்ச்சியான சார்புகள் சேர்ந்து எப்படித் தொடர்ச்சியில்லாத ஒன்றைக் கொடுத்தன என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். 0.9, 0.99, 0.999 என்று போட்டு, எத்தனையாவது அடுக்கில் மதிப்பு பாதிக்குக் கீழே இறங்குகிறது என்று பார்த்தேன். 0.9-க்கு 7, 0.99-க்கு 69, 0.999-க்கு 693. ஒன்றை நெருங்க நெருங்க இன்னும் அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது, எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே அடுக்கு போதும் என்று எங்கேயும் நிறுத்த முடியாது. சீரான ஒருங்கல் (யூனிஃபார்ம் கன்வர்ஜன்ஸ், அதாவது எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே அடுக்கு போதும் என்ற நிலை) என்ற சொல் எதற்காக வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இதை அப்படியே எழுதி, "இதற்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வருகிறேன்" என்று முடித்தேன்.

உங்களிடமும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். பெரிய தேற்றமாக இருக்க வேண்டாம். எங்கே மாட்டிக்கொண்டீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள், எது இன்னும் புரியவில்லை என்ற மூன்றும் வந்துவிட்டால் போதும்.

டேட்டா பக்கம் விண்ணப்பிப்பவர்கள் நம் ஊர் மழைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். தினசரி மழை அளவில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள் சுழியம் என்றால் இடைநிலையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) சுழியம்தான், அதே நேரத்தில் 2015 டிசம்பர் போல ஒரு நாள் வந்தால் சராசரி எங்கேயோ போய்விடும். அப்படியென்றால் "வழக்கமான மழை நாள்" என்று எதைச் சொல்வது? இந்தக் கேள்வியோடு நீங்கள் செய்த வேலையைக் காட்டினால், பத்து சான்றிதழைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

படி 3: பரிந்துரைக் கடிதம்

எழுபது பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியருக்கு உங்கள் முகம் தெரியும், நீங்கள் என்ன யோசிக்கிறீர்கள் என்று தெரியாது. வெறுமனே போய்க் கேட்டால் "கடின உழைப்பாளி, நல்ல நடத்தை" என்றுதான் எழுதித் தருவார், அவர்மேல் தப்பில்லை. அதனால் கேட்கப் போகும்போதே அரைப் பக்கக் குறிப்பு ஒன்றைக் கையில் கொடுங்கள்: எந்தத் தலைப்பில் செமினார் எடுத்தீர்கள், அவர் வகுப்பில் என்ன கேள்வி கேட்டீர்கள், பாடத்துக்கு வெளியே எதைப் படித்தீர்கள். கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். சில இடங்களில் ஆசிரியருக்கே நேராக மெயில் போகும், அது ஸ்பாமில் விழுந்து கிடக்கும். இரண்டு நாள் கழித்து "சார், மெயில் வந்துதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 4: கருவிகள்

கணிதக் குறியீடு வரும் எதையும் வேர்டில் அடிக்காதீர்கள். ஓவர்லீஃப் என்ற இணையதளத்தில், கணிதக் குறியீடுகளைச் சரியாக அச்சிட உதவும் லேடெக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். டேட்டாவுக்கு, பிரவுசரிலேயே ஓடும் கூகுள் கோலாபில் பைத்தான், இதற்காகப் புது லேப்டாப் வாங்க வேண்டியதில்லை. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் ஆன்லைன் படிப்பு ஒன்றை முடித்து வைத்துக்கொள்வதும் நல்லது. 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. ஒன்று கவனியுங்கள்: படிப்பில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. சேர்வது இலவசம். தேர்வுக்குத் தனியாகக் கட்டணம் கட்டிப் பதிவு செய்யவில்லையென்றால், அசைன்மென்ட் எல்லாம் முடித்திருந்தாலும் சான்றிதழ் வராது. என் மாணவிகள் இரண்டு பேருக்கு அப்படி ஒரு செமஸ்டரே வீணாகிவிட்டது.

பின்சேர்க்கை: இனிஷியல் பிரச்சினை

இதைப் படித்துவிட்டு நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம் என்கிறது, நமக்கு இருப்பதோ ஒரு இனிஷியல்தான். ஒருவர் அங்கே அப்பா பெயரைப் போட்டிருக்கிறார், ஆதாரில் வெறும் 'எஸ்', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், கல்லூரி அட்டையில் பின்னால். தேர்வு மையத்து வாசலில் அடையாள அட்டையையும் ஹால் டிக்கெட்டையும் வைத்துப் பார்க்கும்போது இது வம்பாகிவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே அடிப்படையாக வையுங்கள், ஆதார் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்தக் கொடுங்கள். இனிஷியலை விரிக்கிறீர்கள் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விரியுங்கள். எப்படி எழுதினீர்கள் என்பதை மொபைலில் ஒரு நோட்டாகப் போட்டு வைத்துக்கொண்டு, அடுத்த படிவத்தில் அதை அப்படியே காப்பி செய்யுங்கள்.