போர் முடிந்தும் தடை ஏன் நீங்கவில்லை? தீர்மானத்தைப் படித்துக் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு நாட்டின் மேல் பொருளாதாரத் தடை என்று செய்தி வந்தால், தலைவர்கள் பேசுவதை ஓரம் வைத்துவிட்டு ஐ.நா. பாதுகாப்பு சபையின் தீர்மானத்தைத் தேடி எடுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பழகிப் பார்க்க இராக் விவகாரமே போதும்.

முதலில் தேதி. சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது 1990 ஆகஸ்ட் 2. நான்கே நாளில் 661ஆம் தீர்மானம் வந்து இராக்கின் வியாபாரத்தையே நிறுத்தியது. அப்போது நோக்கம், குவைத்தை விட்டு இராக்கை வெளியேற வைப்பது. 1991 பிப்ரவரி இறுதியில் அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை போரிட்டு வெளியேற்றியாகிவிட்டது. சரி, அப்புறமும் ஏன் தடை?

அதற்கு 1991 ஏப்ரல் 3இல் வந்த 687ஆம் தீர்மானத்தைப் படிக்க வேண்டும். நீளமானது, சட்ட மொழி வேறு, ஆனாலும் விடாதீர்கள். ரசாயன, உயிரியல் ஆயுதங்களையும் 150 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகளையும் ஒழிக்க வேண்டும், குவைத் எல்லையை மதிக்க வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும் என்று காரணங்களே புதிதாகியிருக்கும். 22ஆம் பத்தியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஆயுத நிபந்தனை நிறைவேறியது என்று சபை ஒப்புக்கொண்டால்தான் எண்ணெய் ஏற்றுமதித் தடை விலகும். ஒப்புக்கொள்வது என்றால் ஓட்டெடுப்பு, அதில் நிரந்தர உறுப்பினர்களான ஐந்து நாடுகளில் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) ஒன்று வீட்டோ, அதாவது தடுப்பு ஓட்டு, போட்டாலே தடை அசையாது. சதாம் பதவியில் இருக்கும்வரை தடை போகாது என்று அமெரிக்கா வெளிப்படையாகவே சொன்னது, ஆனால் அந்த நிபந்தனை தீர்மானத்தில் எங்கேயும் கிடையாது. என்னைக் கேட்டால் உண்மையான காரணம் இந்த இடைவெளியில்தான் இருந்தது.

அடுத்து விலக்குகள். மருந்துக்குத் தடை இல்லை என்று எழுதியிருக்கும், நம்பி அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கான சாமான்கூட ராணுவத்துக்கும் உதவும் என்ற சந்தேகத்தில் மாட்டியது, எந்தச் சாமானை அனுமதிப்பது என்று பார்க்கும், 15 நாடுகள் கொண்ட சபையின் தடைக் குழுவில் ஒரே நாடு ஆட்சேபித்தாலும் நின்றுபோகும்.

பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ஐ.நா. கண்காணிப்பில் இராக் எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்க 1996 டிசம்பரில் தொடங்கிய ‘உணவுக்கு எண்ணெய்’ திட்டத்தில் வந்த வருமானத்தில் 30 சதவீதம் முதலில் நஷ்டஈட்டு நிதிக்குப் போனது, குவைத்திலிருந்து தப்பி ஓடிவந்த இந்தியத் தொழிலாளர்களுக்கும் அந்த நிதிதான் கொடுத்தது. சதாம் வீழ்ந்த பிறகு 2003 மே மாதம் வணிகத் தடை நீங்கியது, ஆனால் நஷ்டஈட்டின் கடைசித் தவணை கட்டி முடித்தது 2022இல்தான், மொத்தம் 5,240 கோடி டாலர்.

ரஷ்யா போல, தடைக்கு ஆளாகும் நாடே வீட்டோ வைத்திருந்தால் இப்படி ஒரு தீர்மானம் கிடைக்காது. அப்போது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தனித்தனியாகப் போட்ட உத்தரவுகளைத் தேட வேண்டும், அதில் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற வரியை முதலில் பாருங்கள்.