கதவு சுவிட்ச் வயருக்கு 12 வோல்ட் கொடுக்காதீர்கள்: கார் உள்விளக்கு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த இடைக்காலத்தில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ஓடிய கார்களுக்கு வயது ஏறிக்கொண்டே போனது. கராஜ்களில் வயரிங் வேலை பெருகியது. அந்த வேலையைப் பழக வந்த பொடியன்மாரும் கூடினார்கள். அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது, எங்கள் வயதுக்காரர் பழகிய காலத்தில் செய்த பிழைகளையே அவர்களும் திரும்பச் செய்வது தெரிகிறது. உள்விளக்கு சின்ன வேலை என்பதால் அதைத்தான் முதலில் அவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். ஆனால் இன்றைய கார்களில் அந்தச் சின்ன விளக்கின் வயர், காரின் பாதி வேலைகளைக் கவனிக்கும் ‘பொடி கொம்பியூட்டர்’ என்ற பெட்டியில் போய் முடிகிறது.

10 அம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 20 அம்பியர் பியூஸைச் செருகக் கூடாது, பியூஸ் இல்லையென்று வயர்த் துண்டை வைத்து மூடக் கூடாது என்பவற்றை எந்தக் கராஜிலும் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மின்சாரம் வரவில்லை என்று நினைத்துத் தனி வயர் இழுப்பது

இந்த ஒரு தவறைக் காணும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஐந்து வாட் பல்பு ஒன்றுக்காகக் காரின் பொடி கொம்பியூட்டரையே எரித்துவிடுகிற தவறு இது. இது அக்கறையின்மையால் நடப்பதில்லை. சுற்று எப்படி ஓடுகிறது என்று தெரியாததால் நடக்கிறது. ஆகவே சுற்றை முதலில் விளக்கிவிடுகிறேன்.

வீட்டு வயரிங்கில் சுவிட்ச் உயிர் வயரில் இருக்கும். சுவிட்சை அணைத்தால் பல்பு ஹோல்டருக்கு மின்சாரம் வராது, போட்டால் வரும். வீட்டு வயரிங் பழகிவிட்டுக் கார் வேலைக்கு வருகிறவர்கள் இதே கணக்கைக் காருக்கும் கொண்டுவருகிறார்கள். நம் வீதிகளில் ஓடும் ஜப்பானியக் கார்களில் பெரும்பாலானவற்றில் கூரை விளக்கு நேர்மாறாகவே வேலை செய்கிறது. பற்றரியின் நேர்முனையிலிருந்து பியூஸ் வழியாக விளக்குக்கு 12 வோல்ட் எந்நேரமும் வந்து நிற்கும். சாவி கையில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் அது நிற்கும். சுவிட்ச் இருப்பது எர்த் பக்கத்தில், அதாவது பற்றரியின் எதிர்முனையோடு இணைந்திருக்கும் காரின் உலோக உடலான ‘பொடி’யின் பக்கத்தில். விளக்கிலுள்ள மூன்று நிலைச் சுவிட்சை ‘ஒன்’ பக்கம் தள்ளினால் பல்பின் மறுமுனை நேரடியாகப் பொடியைத் தொட்டு விளக்கு எரியும். ‘ஓஃப்’ பக்கம் தள்ளினால் எதையும் தொடாது. நடுவில் ‘டோர்’ என்ற நிலையில் வைத்தால், அந்த முனை கதவுச் சட்டங்களிலுள்ள சுவிட்சுகளை நோக்கிப் போகும். கதவு மூடியிருக்கையில் சுவிட்சின் தண்டு உள்ளே அழுந்தி, தொடர்பு விலகி நிற்கும். கதவைத் திறந்தவுடன் ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ள, தொடர்பு ஒட்டி, அந்த வயர் எர்த் ஆகிவிடும். பல கார்களில் அந்த எர்த் கிடைப்பது, சுவிட்சைப் பொடியில் இறுக்கியிருக்கும் ஒற்றைத் திருகாணி வழியாகத்தான்.

இந்தச் சுற்றில் கதவு வயரைத் தனியாக எடுத்துச் சோதித்தால் என்ன தெரியும்? பல்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பூச்சியம். பல்பு இருக்கையில், கதவை மூடிவைத்துப் பார்த்தால், இழை வழியாகவே 12 வோல்ட் வந்து நிற்கும். கதவைத் திறந்தால் அதுவும் பூச்சியமாகிவிடும். பழகுகிறவர் பல்பைக் கழற்றிவைத்து, டெஸ்ட் லாம்பால் இரண்டு வயரையும் தொட்டுப் பார்த்து, ஒன்றில் மின்சாரம் இருக்கிறது, மற்றதில் இல்லை என்று கண்டு, இல்லாத பக்கத்துக்கு 12 வோல்ட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறார். எர்த் ஆக வேண்டிய வயருக்கு நேர்மின் கொடுத்தாயிற்று. பழைய கார் என்றால், கதவைத் திறந்த கணத்தில் நேர் ஷோர்ட். பியூஸ் உள்ள இடத்திலிருந்து எடுத்திருந்தால் பியூஸ் போகும், பற்றரியிலிருந்து நேரே இழுத்திருந்தால் கூரைத் துணிக்குள் வயர் உருகும்.

புதிய கார்களில் கதை வேறு. கதவு சுவிட்சின் வயர் விளக்குக்குப் போகாது. பொடி கொம்பியூட்டருக்குப் போகிறது. அந்தப் பெட்டி ஒரு ரெசிஸ்டர் வழியாக அந்த வயரில் மெல்லிய மின்னழுத்தம் ஒன்றை வைத்துக்கொண்டு, அது எப்போது பூச்சியத்துக்கு விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். விழுந்தால் கதவு திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, தன்னுள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஒன்றின் மூலம் விளக்கின் மறுமுனையை எர்த் செய்யும். கதவை மூடிய பின் விளக்கு மெல்ல மங்கி அணைவதும் அந்த டிரான்சிஸ்டர் மிக வேகமாகத் திறந்து மூடுவதால்தான். விளக்கின் அந்த மறுமுனை வயருக்கு நீங்கள் நேரே 12 வோல்ட் கொடுத்திருக்கையில் பெட்டி டிரான்சிஸ்டரைத் திறந்தால், பற்றரியின் வலு முழுவதும் அதன் வழியாகப் பாயும். 15 அம்பியர் பியூஸ் உருகுவதற்கு எடுக்கும் நேரம்கூட அந்தச் சிறு டிரான்சிஸ்டர் தாங்காது.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியர் கொண்டுவந்த காரில் இது என் கண்முன்னே நடந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் விளக்கு எரியவில்லை என்பதுதான் குறை. பக்கத்துக் கராஜில் பழகும் தம்பி கூரை விளக்கின் மூடியைக் கழற்றி, மேலே சொன்னபடியே சோதித்து, சிகரெட் சொக்கட்டின் பின்னாலிருந்து சிவப்பு வயர் ஒன்றை இழுத்துவந்து முறுக்கிவிட்டான். ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததால் சொக்கட்டில் மின்சாரமும் இருந்தது. அவன் பல்பைத் திரும்பப் போடும் முன்பே, ஆசிரியரின் மகள் புத்தகப் பையை எடுக்கப் பின்கதவைத் திறந்துவிட்டாள். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. அவன் இழுத்த வயரை நான் வெட்டிவிட்டுப் பல்பைப் போட்டபோது விளக்கு எரிந்தது; ஆனால் எந்தக் கதவை மூடினாலும் அணையவில்லை. டிரான்சிஸ்டர் உள்ளேயே ஒட்டிப்போயிருந்தது.

“கரண்ட் வரல்ல அண்ணன், அதான் எடுத்துக் குடுத்தன்” என்றான் அவன்.

“மத்தக் கதவுகளத் திறந்தா எரியிறதான தம்பி” என்றார் ஆசிரியர்.

அந்த ஒரு வாக்கியம் வேலை தொடங்கும் முன் கேட்கப்பட்டிருக்க வேண்டும். மற்றக் கதவுகளுக்கு விளக்கு எரிகிறது என்றால் பியூஸ் சரி, பல்பு சரி, விளக்கின் வயர் சரி, அதை எரியவைக்கும் பெட்டியும் சரி. குறை ஓட்டுநர் கதவின் சுவிட்சிலோ அதன் வயரிலோதான். திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். தண்டின் ரப்பர் உறை கிழிந்து, திருகாணியின் அடியில் பொடி தகடு செங்கட்டி நிறத்தில் பூத்துப்போய் இருந்தது. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக உப்புக்காற்றில் நிற்கும் நம் ஊர்க் கார்களுக்கு இது மிகச் சாதாரணம். சேண்ட்பேப்பரால் தேய்த்து, கொஞ்சம் வாசலின் பூசித் திரும்ப இறுக்கினால் முடிந்துபோயிருக்கும் வேலை அது. அந்த ஆசிரியருக்கோ, உடைத்து விற்கும் இடமொன்றில் அதே மொடல் பெட்டியைத் தேடிப் பிடித்து, சாவியையும் மறுபடி பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. அவருடைய காரில் அதுவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் எந்தெந்தக் கதவுக்கு எரிகிறது, எதற்கு எரியவில்லை என்று கார்க்காரரிடம் கேளுங்கள். அடுத்து விளக்கின் சுவிட்சை ‘ஒன்’ பக்கம் தள்ளிப் பாருங்கள். எரிந்தால் மின்சாரம் வருகிறது என்பது உறுதி, டெஸ்ட் லாம்பே தேவையில்லை. எல்லாக் கதவுகளையும் மூடி, மல்டிமீட்டரால் விளக்கின் வயர்களைப் பாருங்கள். ஒன்றில் 12 வோல்ட் நிரந்தரமாக நின்றால் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். சில மேலைநாட்டுக் கார்களில் நேர் பக்கத்திலேயே சுவிட்ச் இருக்கும் என்பதால், வயரிங் படம் கிடைத்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் பக்கச் சுவிட்ச் என்று உறுதியான பின், விளக்கின் சுவிட்சை ‘டோர்’ நிலையில் வைத்து, சந்தேகப்படும் கதவின் சுவிட்சைக் கழற்றி, அதன் வயரைச் சுத்தமான பொடி தகட்டில் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்சோ அதன் எர்த்தோதான் கெட்டிருக்கிறது. கதவு சுவிட்ச் எந்நாளும் செய்கிற வேலையையே நீங்களும் செய்வதால், இந்தச் சோதனையில் பெட்டிக்கு ஆபத்து இல்லை.

அலங்காரத்துக்கு எல்இடி பட்டி ஒட்டுகிறவர்களும் இதே வயரில்தான் கை வைக்கிறார்கள். சில வாட் விளக்கை ஓட்டுவதற்கென்று செய்த டிரான்சிஸ்டரில் நான்கு மீட்டர் பட்டியைத் தொங்கவிடாதீர்கள். அது வேண்டுமென்றால் தனிப் பியூஸும் ரிலேயும் போட்டுச் செய்யுங்கள்.

ஒரே பியூஸ் போனதை மூன்று கோளாறாக எண்ணுவது

பியூஸ் பெட்டி மூடியில் ‘டோம்’ அல்லது ‘ரூம்’ என்று எழுதியிருக்கும் பியூஸ், பல கார்களில் மணிக்கூட்டுக்கும் ரேடியோ நினைவுக்கும் சேர்த்தே மின்சாரம் கொடுக்கிறது. விளக்கு எரியவில்லை, மணிக்கூடு நேரத்தை மறந்துவிடுகிறது, ரேடியோ நிலையங்களை மறந்துவிடுகிறது என்று மூன்று குறையுடன் கார் வந்தால், மூன்றையும் கழற்றத் தொடங்காமல் அந்த ஒரு பியூஸைப் பாருங்கள்.

விளக்கின் மூடியை இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்புவது

உள்ளே எந்நேரமும் 12 வோல்ட் நிற்கிறது. பிளாஸ்டிக் நெம்பியை எடுங்கள்.

5 வாட் இடத்தில் 10 வாட் பல்பு

மூடி உருகும்.

எல்இடி மங்கலாக எரிவதைக் கோளாறு என்று தேடுவது

இழை பல்பைக் கழற்றி எல்இடி போட்ட பிறகு, அணைத்தாலும் இருட்டில் மெல்லிய ஒளி தெரிகிறது என்று சிலர் வருவார்கள். பெட்டி தன் சுற்றைச் சரிபார்க்கக் கசியவிடும் சில மில்லி அம்பியர் இழை பல்பைச் சூடாக்கப் போதாது. எல்இடியை மின்னவைக்கப் போதும். வயரிங்கில் குறை இல்லை. அதுபோல, புதிதாகப் போட்ட எல்இடி எரியவே இல்லையென்றால், அது கெட்டதென்று எறிவதற்கு முன் முனைகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இழை பல்புக்கு நேர், எதிர் என்ற பேதம் இல்லை, பல எல்இடிகளுக்கு உண்டு.

பற்றரி இறங்கினால் பற்றரியையே குறை சொல்வது

டிக்கியில் எரியும் 5 வாட் பல்பு சுமார் 0.4 அம்பியர் எடுக்கும். டிக்கிச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், மூடிய டிக்கிக்குள் அது யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்குப் 10 அம்பியர் மணி போய்விடும். 35 அம்பியர் மணி பற்றரி நான்காம் நாளுக்குள் படுத்துவிடும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக வீட்டில் நிறுத்திவைக்கப்படும் கார்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். புதிய பற்றரி வாங்கிப் போட்டால் அதுவும் அடுத்த கிழமை படுக்கும். ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் 12 வோல்ட் பற்றரி இறங்கினால் கார் ‘ரெடி’ நிலைக்கு வராது.

எதிர்முனை வயரைக் கழற்றி மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்து, எல்லாக் கதவுகளையும் மூடி, அரை மணி நேரமாவது காரைத் தூங்கவிட்டு அளவைப் பாருங்கள். 50 மில்லி அம்பியருக்குக் கீழே இருந்தால் சரி. பொறுமையில்லாமல் முதல் நிமிடத்திலேயே பார்த்தால் பெட்டிகள் விழித்திருக்கும் அளவுதான் தெரியும். அதை நம்பி நல்ல பாகங்களைக் கழற்றிப் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

மாரி முடிந்ததும் விளக்கைக் கழற்றுவது

மார்கழி வெள்ளத்தில் ஓடிய காரில் உள்விளக்கு தன்பாட்டில் எரிந்து அணைந்தால், கூரையை விட்டுவிட்டுக் காலடிக் கார்பெட்டைத் தூக்குங்கள். கதவடியில் ஓடும் வயர்களின் கனெக்டர்கள் அங்கே ஈரத்தில் கிடந்து, செம்பில் பச்சை பூத்திருக்கும். பூப்பைத் துடைக்காமல் டேப் சுற்றி மூடினால் ஈரமும் உள்ளேயே நிற்கும்.

முன் தூணுக்குள் கண்டபடி வயர் விடுவது

கண்ணாடி ஓரத் தூணிலும் கூரை ஓரத்திலும் பக்கத் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்ட கார்கள் இப்போது நிறைய ஓடுகின்றன. அந்த மடிப்புக்கு மேலால் விளக்கு வயரை இழுத்துக் கட்டினால், விபத்தில் பை விரியும் வழியை அடைத்துவிடுகிறீர்கள். மஞ்சள் கனெக்டரைக் கண்டால் டெஸ்ட் லாம்பின் முனையை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பையை வெடிக்கவைக்கச் சிறிய மின்னோட்டமே போதும். தூண் உறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி 90 விநாடிகளாவது காத்திருக்கும்படி டொயோட்டாவின் கைநூல்கள் சொல்கின்றன. மற்றக் கார்களுக்கு அந்தந்தக் கைநூலில் உள்ள நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.