பென்சில் கோட்டிலேயே சொல்லிவிடுங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து காசுக்குச் சூப்பர் ஹீரோ படம் வரைகிறேன். ஒருமுறை ஸ்பைடர்மேனுக்கு மை போட்டு, வலைக்கோடெல்லாம் இழுத்து முடித்த பிறகுதான், "இடது கை கட்டையா இருக்கு தம்பி" என்றார் படம் கேட்டவர். இரண்டு இரவு வேலை போனது. இப்போது பென்சில் கோட்டிலேயே அனுப்பி, நிற்கிற விதம் சரியா என்று அதை மட்டும் கேட்பேன். நிறம் பிறகு.

கருத்துச் சொல்பவர்கள் இடத்தைக் காட்டுங்கள். "என்னவோ மாதிரி இருக்கு" என்றால் நான் எதைத் திருத்துவது? "இடுப்பு எந்தப் பக்கம் திரும்புதெண்டு விளங்கல்ல" என்றால் உடனே அழிறப்பரை எடுத்துவிடுவேன். ஆனால் உயரத்தைப் பிழை என்று சொல்லுமுன் ஒன்று: தலையின் உயரத்தை அளவுகோலாக வைத்தால், சாதாரண ஆள் ஏறத்தாழ 7½ தலை உயரம். ஹீரோவை 8, 8½ வரை இழுப்போம். அது பிழையல்ல.

வரைபவர்களே, கோபத்தில் பதில் எழுதாதீர்கள். முதலில் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். கருத்துச் சொன்னவர் காட்டிய பிழை உங்களுக்கும் தெரியும்.