மூளை ஆராய்ச்சிக்குப் போக நீட் மட்டும்தான் வழியா?

மூளையைப் பற்றி ஆராயணும் என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் வரும் முதல் பதில், "அப்போ நீட் எழுது". எழுதலாம், அதுவும் ஒரு வழிதான். மூளை விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன் அப்படிப் போனவர்: 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். முடித்து, கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. வாங்கி, 1983இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் அந்தப் பட்டங்களைவிட முக்கியமானது, இரண்டு கண்ணும் பார்ப்பதை மூளை எப்படி ஒன்றாக்குகிறது என்று சோதித்து 1972லேயே 'நேச்சர்' அறிவியல் இதழில் கட்டுரை வெளியிட்டதுதான். 1990களில் கையை இழந்தவர்களுக்கு இல்லாத கை இறுகி வலிப்பதை ஆராய்ந்தபோதும் அவர் எடுத்தது சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. அதை ஒரு பெட்டிக்குள் நிறுத்தி, இருக்கிற கையை அதன் முன்னால் அசைக்கச் சொன்னார். பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரிய, சிலருக்கு அந்த இறுக்கம் தளர்ந்தது.

அதனால் முதலில் உங்களுக்கென்று ஒரு கேள்வி வேண்டும். டிகிரி பி.எஸ்சி. சைக்காலஜியோ பிசிக்ஸோ இன்ஜினியரிங்கோ, எதுவானாலும் சரி. ஐஐடி மெட்ராஸில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிப் படமெடுக்கிறார்கள், அந்த வேலை இன்ஜினியர்கள் இல்லாமல் நடக்காது. கல்லூரியில் இருக்கும்போதே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் கற்றுக்கொள்ளுங்கள், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம் லேப் அனுபவம். அறிவியல் அகாடமிகள் தரும் இரண்டு மாதக் கோடைகால ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள், பேராசிரியர்களுக்கு நேரடியாகவும் எழுதுங்கள். "சிறு வயதிலிருந்தே ஆர்வம்" என்று தொடங்கும் மெயில் அவர்களுக்குத் தினமும் வரும், அதில் உங்களைப் பற்றி எதுவுமே தெரியாது. அந்தப் பேராசிரியரின் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து, அதில் எந்தப் படம் புரியவில்லை, வேறு எப்படிச் சோதிக்கலாம் என்று நாலு வரி எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

பிஎச்.டி.க்கு பெங்களூரில் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்), நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் நிறுவனம்), என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் ஆய்வு மையம்), ஹரியானா மானேசரில் என்பிஆர்சி (தேசிய மூளை ஆராய்ச்சி மையம்) இருக்கின்றன. கேட் தேர்வு, அல்லது நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பல இடங்களில் உதவும். ஜேஆர்எஃப் கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி, ஆக வீட்டில் பணம் கேட்கத் தேவையில்லை. ஐந்தாறு வருஷம் ஆகும் என்பதால் சேரும் முன் அந்த லேப் மாணவர்களிடம் பேசுங்கள்: கைடு வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுகிறாரா, முந்தைய மாணவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.