ஃப்யூவல் மீட்டர் முள் அசையவில்லையா? டேங்கைத் திறக்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

பெட்ரோல் போட்ட பிறகும் முள் காலியிலேயே படுத்துக் கிடக்கும். அல்லது முக்கால் டேங்கில் நின்றுவிட்டு நாள் முழுக்க அசையாது. மீட்டர் போய்விட்டது என்று டேஷ்போர்டைப் பிரிக்கக் கை பரபரக்கும். பெரும்பாலும் குற்றவாளி அதுவல்ல. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரம் ஓடும் வண்டியானால் முதல் சந்தேகம், கரண்டை வண்டியின் பாடி வழியாகத் திருப்பிவிடும் எர்த் வயரின் மேல்தான்.

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அதன் கம்பியின் மறுமுனை, கரண்டைத் தடுக்கும் ரெசிஸ்டன்ஸ் பட்டையை உரசியபடி ஏறி இறங்கும். மெக்கானிக்குகள் டேங்க் யூனிட் என்பது இதைத்தான். ஜப்பானிய வழியில் வந்த பழைய சுசூகி, மாருதி வண்டிகளில் டேங்க் ஃபுல்லாக இருந்தால் அந்தத் தடை ஏறக்குறைய 3 ஓம், பாதியில் 30 சொச்சம், காலியில் 110 முதல் 120 ஓம். இப்போது கணக்கைப் பாருங்கள். உப்புக்காற்றில் எர்த் முனை பச்சைக் களிம்பு பிடித்து 30 ஓம் கூடுதலாகச் சேர்ந்தால், ஃபுல் டேங்கை மீட்டர் பாதி என்று காட்டும். எர்த் முழுதாக அறுந்தால் முள் காலியிலேயே கிடக்கும். யூனிட்டும் மீட்டரும் நன்றாக இருந்தும் இரண்டையும் புதிதாக வாங்க வைக்கும் கோளாறு இது.

முதலில் சமதரையில் நிறுத்திச் சாவியைப் போடுங்கள். டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து செத்திருந்தால் ஃப்யூஸையும் மீட்டருக்கு வரும் கரண்டையும் பாருங்கள். டேங்க் பக்கமே போக வேண்டாம்.

பெட்ரோல் முள் மட்டும்தான் என்றால், சாவியை அணைத்து யூனிட்டின் எர்த் வயர் பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தைத் தேடுங்கள். மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, யூனிட்டின் எர்த் முனைக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளங்கள். 1 ஓமுக்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகச் சுரண்டி, களிம்பேறிய முனையை வெட்டிப் புது லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போடுங்கள். முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினால் இரண்டு பருவமழையையும் தாங்கும். வயர்களை இணைக்கும் கப்ளரின் பின்களிலும் இதே களிம்பு இருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து இரண்டு மூன்று தடவை மாட்டிக் கழற்றுங்கள்.

அப்படியும் அசையாவிட்டால் யூனிட்டின் கப்ளரைக் கழற்றுங்கள். மீட்டருக்குப் போகும் வயரை 12 வோல்ட், 3.4 வாட் பல்பு வழியாக பாடியில் தொடச்செய்து சாவியைப் போடுங்கள். இதை டேங்க் மூடியை விட்டுத் தள்ளி, டேங்க் மூடியிருக்கும்போதே செய்ய வேண்டும். பழைய மீட்டரில் முள் மெல்லத்தான் ஏறும், அவசரப்படாதீர்கள். ஏறினால் மீட்டரும் வயரும் சரி, கோளாறு யூனிட்டில். பல்பு இல்லாமல் நேராகத் தொட வைத்தால் மீட்டரே கருகலாம். 10 ஓமில் காலியும் 180 ஓமில் ஃபுல்லும் காட்டும் ஐரோப்பிய வகையில் எல்லாம் தலைகீழ்: கப்ளரைக் கழற்றினாலே முள் ஃபுல்லுக்குப் போகும். கம்ப்யூட்டர் வழியாக முள் ஓடும் புது வண்டிகளில் இந்தப் பல்பு வேலையே கூடாது. ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

யூனிட்டை வெளியே எடுப்பதுதான் ஆபத்தான கட்டம். டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வேண்டாம். ஷெட்டுக்குள் செய்யாமல் வெட்டவெளியில் செய்யுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் லைனில் அழுத்தம் இறங்கும். பிறகு பாட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் யூனிட்டை எடுக்கப் பின் சீட்டுக்கு அடியில் மூடி இருக்கும்; இல்லாதவற்றில் டேங்கையே இறக்க வேண்டும், அதை ஒர்க்‌ஷாப்பில் விடுவதே நல்லது. மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத் திறங்கள். யூனிட்டைப் பிடித்திருக்கும் வளையத்தை மரக்கட்டை அல்லது பித்தளைப் பஞ்ச் கம்பி வைத்துத் தட்டுங்கள். இரும்போடு இரும்பு மோதினால் பொறி பறக்கும்.

எடுத்த யூனிட்டை டேங்கிலிருந்து தூரக் கொண்டுபோய், மல்டிமீட்டரை மாட்டி மிதவையை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். எண் சீராக மாற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அறுந்ததுபோல் காட்டினால் பட்டை அந்த இடத்தில் தேய்ந்துவிட்டது. முள் முக்காலில் குதிப்பதும் விழுவதும் இதனால்தான். அழுக்கு மட்டும் என்றால் கிளீனரும் மெல்லிய துணியும் போதும். எமரி தாள் தொடவே கூடாது, பட்டை வழித்துக்கொண்டு போய்விடும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. மிதக்காமல் மூழ்குவதால் முள் காலியில் கிடக்கிறது. அதைச் சால்டர் வைத்து அடைக்க முயலாதீர்கள், வெடிக்கும். புதிதே வாங்குங்கள். கம்பி வளைந்து டேங்க் சுவரில் இடித்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும்.

திரும்ப மாட்டும்போது பழைய ரப்பர் வாஷரைப் போடாதீர்கள். ஒருமுறை உப்பியது மறுபடி அடைக்காது, மேட்டில் நிறுத்தினால் சீட்டுக்கடியில் பெட்ரோல் வாடை வரும்.

கோளாறு மீட்டரிலேயே என்று தெரிந்தால், முள்ளைத் தடுத்து நிறுத்தும் சிறு ஊசியைத் தாண்டி முள் சிக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசியை இழுத்து இன்னும் இறுகும்.

வேலை முடிந்ததும் 5 லிட்டர் 5 லிட்டராகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை ட்ரிப் மீட்டரை நம்புங்கள்: 35 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 490 வரை ஓடும். 350 தாண்டியதும் பெட்ரோல் பம்புக்குள் வண்டியைத் திருப்புங்கள்.